எஞ்சினைப் பிரிக்கும் முன்

கிள்ளான்,
ஞாயிறு மாலை

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. பழைய இசுசு பிக்கப் ஒன்றை வாங்கிவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குத் தினமும் வேலைக்கு ஓட்ட வேண்டும், திருவிழா நாளில் சாமி ஊர்வலத்துக்கு ஜெனரேட்டர் ஏற்றிய இழுவை வண்டியையும் இழுக்க வேண்டும் என்றாயாம். புகை தள்ளுகிறது, மினியாக் ஹித்தாம் (எஞ்சின் எண்ணெய்) குறைகிறது, அதனால் எஞ்சினைப் பிரித்து ஓவராவல் பண்ணிவிடலாம் என்று முடிவும் எடுத்துவிட்டாயாம். ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் இதைப் படித்துவிடு.

உன் வண்டியில் இருப்பது 4ஜேஏ1 எஞ்சின். 2499 சிசி, நாலு சிலிண்டர், டர்போ கிடையாது, வார்ப்பிரும்பு ஹெட். மின்னணுச் சங்கதி மிகக் குறைவு. பொறுமையுள்ள ஒருவன் கையால் பிரித்துக் கையால் மூட்டக்கூடிய எஞ்சின் அது. நல்ல வண்டியைத்தான் வாங்கியிருக்கிறாய். ஆனால் அது ஏன் இந்த நிலைக்கு வந்தது என்று உனக்கு இன்னும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்காமல் புது லைனரும் பிஸ்டனும் போட்டால், பழையதைக் கொன்ற அதே காரணம் புதியதையும் கொல்லும்.

உன் தாத்தா பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்து, செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் இருக்கும் புக்கிட் கூடா வரை 1886இல் ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையை நம்பி வாழ்ந்த தலைமுறைகளில் அவரும் ஒருவர். ஒரு பேரிங்கைக் கழற்றினால் முதலில் துடைப்பார், பிறகு மைக்ரோமீட்டர் வைத்து அளப்பார், அளவைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவார், அதன் பிறகுதான் வாய் திறந்து பேசுவார். நீயும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்.

முதல் பக்கத்தில் கம்ப்ரெஷன் அளவை எழுது. எஞ்சினை நன்றாகச் சூடாக்கு. பம்பின் டீசல் கட் வயரைக் கழற்று. குளோ பிளக்குகளை எடுத்துவிட்டு, அந்த ஓட்டையில் டீசலுக்கான கேஜை மாட்டிச் சுற்று. நல்ல நிலையில் ஏறத்தாழ 30 பார் காட்டும். 20 பக்கம் இறங்கிவிட்டால் பிரிக்க வேண்டியதுதான். நாலும் ஒரே மாதிரி கொஞ்சம் குறைந்திருந்தால் அது சாதாரணத் தேய்மானம். மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் விழுந்திருந்தால் வேறு கதை. அந்த ஒன்றில் ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி சுற்று. அளவு ஏறினால் ரிங்கில் தேய்மானம். ஏறவே இல்லை என்றால் வால்வு, இல்லாவிட்டால் ஹெட் கேஸ்கெட். எண்ணெயை அதிகமாக ஊற்றிவிடாதே, டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கு மேலே இருக்கும் இடம் மிகச் சிறியது.

புகையின் நிறத்தையும் எழுதி வை. நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கருப்பு என்றால் காற்று போதவில்லை, அல்லது இன்ஜெக்டர் டீசலை நன்றாகத் தூவவில்லை. அடைத்துப்போன ஏர் ஃபில்டருக்காக எஞ்சினையே பிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, ரேடியேட்டரில் குமிழ் வருகிறது என்றால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

இனி ரேடியேட்டர். இதைப் பற்றி நிறைய எழுதப் போகிறேன். நான் திறந்து பார்த்த பழைய டீசல் எஞ்சின்களில் பாதிக்கு மேல் சூட்டால் கெட்டவை.

நான் வேலை பழகிய காலத்தில் ஒரு பிக்கப்புக்கு லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டேன். ரேடியேட்டர் வெளியே பார்க்க நன்றாக இருந்ததால் அதை அப்படியே மாட்டினேன். மூன்று வாரம் கழித்து அந்த வண்டி ஒரு கோயில் ஊர்வலத்துக்குப் போனது. நடை வேகம், முதல் கியர், பின்னால் பாரம். நள்ளிரவில் நீராவி கக்கி நின்றுவிட்டது. ஹெட் வளைந்திருந்தது. ரேடியேட்டரை வெட்டிப் பார்த்தால் குழாய்களில் முக்கால்வாசி துருச் சேற்றால் அடைபட்டிருந்தன. வருஷக்கணக்காகப் பைப் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டி அது. அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதனாலேயே எனக்கு அது மறக்கவில்லை.

ஊர்வலத்தில் இழுப்பதற்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் இழுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள். நெடுஞ்சாலையில் வண்டியின் வேகமே காற்றை உள்ளே தள்ளிவிடும். தைப்பூசத்தை ஒட்டி இரவில் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் ரதம் பத்துமலை போய்ச் சேரப் பல மணி நேரம் ஆகிறது. அப்படி ஊரும் வண்டிக்குக் காற்று ஃபேனிலிருந்து மட்டும்தான் வரும். ஆகவே ரேடியேட்டரைக் கடையில் கொடுத்துப் பிரித்துக் குத்திச் சுத்தம் பண்ணு, இல்லாவிட்டால் புதிது போடு. வாட்டர் பம்பும் ஹோஸும் புதிதாக இருக்கட்டும். சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பார். தடையே இல்லாமல் சுழன்றால் ஃபேன் கப்ளிங் போய்விட்டது.

சூடேறுகிறதா, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி என்று சொல்லும் போமன்கள் (மெக்கானிக்குகள்) இங்கே நிறைய இருக்கிறார்கள். கேட்காதே. அது இல்லாத எஞ்சின் காலையில் வெகுநேரம் குளிர்ந்தே ஓடும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும், ரிங் சீக்கிரம் தேயும். தினமும் வேலைக்கு ஓடும் உன் வண்டிக்கு அது நல்லதல்ல. 82 டிகிரியில் திறக்கும் புது தெர்மோஸ்டாட் வாங்கி, மாட்டும் முன் கொதிக்கும் தண்ணீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார். ஹெட்டின் இரும்பிலேயே படும்படி தனியாக ஒரு வெப்ப உணரியும் மாட்டிக்கொள். டாஷ்போர்ட் முள் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். தண்ணீர் கொட்டிப் போய்விட்டால் அதை நம்ப முடியாது.

மற்றதெல்லாம் அளவுதான். இந்த எஞ்சினின் லைனர் மெல்லியது, பிளாக்கில் அழுத்தி இறக்குவது. அதைக் கடையில் செய்யச் சொல். ஹெட்டின் சமதளத்தை நேர்கோலும் ஃபீலர் கேஜும் வைத்து நீயே பார். 0.05 மில்லிமீட்டர் நுழையாமல் இருந்தால் நிம்மதி. விரிசலுக்கும் சோதிக்கச் சொல். பிஸ்டன் பிளாக்கின் மட்டத்துக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்று அளந்து, அதற்கேற்ற தடிமனில்தான் ஹெட் கேஸ்கெட் வாங்க வேண்டும். கடைக்காரர் கையில் கிடைத்ததைத் தருவார், நீ அளவைச் சொல்லிக் கேள். பேரிங் இடைவெளிக்குப் பிளாஸ்டிகேஜ் போதும். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.4 மில்லிமீட்டர். டைமிங் பெல்ட் உள்ள வகையாக இருந்தால் டென்ஷனரோடு சேர்த்து மாற்றிவிடு.

டீசல் பம்பை மட்டும் நீ திறக்காதே. டெஸ்ட் பெஞ்ச் உள்ள பம்ப் கடையில் இன்ஜெக்டரோடு சேர்த்துக் கொடு. 2019இல் நம் டீசலில் பத்து விழுக்காடு பாமாயில் டீசல் கலக்கத் தொடங்கினார்கள். பம்பின் உராய்வைக் குறைக்க அது நல்லதுதான். ஆனால் பழைய ரப்பர் குழாயை ஊற வைக்கும், டாங்கியின் அழுக்கை இளக்கிவிடும், தண்ணீரையும் இழுக்கும். டாங்கியைக் கழுவு, டீசல் குழாய்களை மாற்று, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரை மாதம் ஒரு தடவை வடித்து விடு. 2024 ஜூன் 10ஆம் தேதி டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னுக்கு ஏறியபோது, ஒழுங்காகத் தூவாத இன்ஜெக்டர் எவ்வளவு பணத்தைப் புகையாக விடுகிறது என்று பல பேருக்கு அன்றுதான் புரிந்தது.

ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய வண்டியின் ஹாஃப் கட் எஞ்சின் வாங்கி மாட்டினால் வேலை சுலபம் என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். ஜப்பானில் அது எப்படி ஓடியது என்று யாருக்குத் தெரியும்? எஞ்சின் எண் மாறினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதியும் வாகனச் சோதனையும் வேண்டும். உன் பிளாக் நன்றாக இருந்தால் அதையே கட்டு. இழுவை வண்டிக்கும் கொக்கிக்கும் என்ன அனுமதி வேண்டும் என்று ஜேபிஜேயில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கு. எஞ்சின் இறக்கி இருக்கும்போதே கிளட்ச் தட்டைப் பார்த்துவிடு. நடை வேகத்தில் முதலில் கருகுவது அதுதான். பிரேக்கையும் விட்டுவிடாதே, இழுப்பதைவிட நிறுத்துவது கடினம்.

கட்டி முடித்ததும் ஐடிலில் மணிக்கணக்காக விட்டு வைக்காதே. லைனர் பளபளத்துவிடும், ரிங் உட்காராது. சூடானதும் ரோட்டுக்கு எடு. மிதமான பாரத்தில் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டு. 500 கிலோமீட்டரில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்று, வால்வு இடைவெளியை மறுபடி பார். ஆயிரம் தாண்டியதும் வெறும் வண்டியில் கெந்திங் செம்பா ஏற்றம் வரை போய், சூடு எங்கே நிற்கிறது என்று நோட்டில் குறித்து வா.

வரும் ஞாயிற்றுக்கிழமை நாலு சிலிண்டரின் கம்ப்ரெஷன் எண்களோடு என் வீட்டுக்கு வா. கேஜ் என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் முன்னதாகவே வந்து எடுத்துக்கொண்டு போ. எண்களைப் பார்க்கும் வரை எந்தச் சாமானும் வாங்காதே. முதல் ஆயிரம் கிலோமீட்டர் முடியும் வரை, யார் வந்து கேட்டாலும் சரி, கொக்கியில் எதையும் மாட்டாதே.

அன்புடன்,
மாமா