எழுவானும் படுவானும்: நிலக்காட்சி ஓவியமும் காட்சிக்கு ஆயத்தமாதலும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் இட்ட பெயர்களை எண்ணுந்தோறும் வியப்புண்டாகின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. வாவிக்கு அப்பால் வயலும் காடுமாய் விரிந்த நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்பன அவற்றின் பொருள். ஒளி வரும் வழியையும் போகும் வழியையும் கொண்டு நிலத்துக்குப் பெயரிட்ட மக்கள் ஓவியக் கண் படைத்தவர் என்பதில் ஐயமுண்டோ? எழுவான்கரையிலே, கல்லடிக்குத் தெற்கே உள்ள நாவற்குடாவில் நிற்பவன் காலையிற் கீழ்பால் நோக்கினாற் கடலில் ஞாயிறு எழக் காண்பான். மாலையில் மேல்பால் நோக்கினால் வாவிக்கு அப்பால் அது படக் காண்பான். ஒரே ஊரில் இவ்விரண்டையும் நீர்ப்பரப்பின்மீது காணும் பேறு எல்லோருக்கும் வாய்ப்பதன்று.

இத்தகைய ஊர்களில் வாழும் நம் மாணவர், ‘இயற்கைக் காட்சி’ ஒன்றை வரைக என்றதும் என் செய்கின்றனர்? இரண்டு மலைகளை வரைந்து அவற்றின் நடுவே ஞாயிற்றை உதிக்கச் செய்கின்றனர். மலையடியில் ஓர் ஆறு. ஆற்றங்கரையில் ஓர் ஓட்டு வீடு. வானத்தில் நான்கு பறவைகள். மலையே இல்லாத ஊரில் மலையும், வாவியே வாழ்வாகிய ஊரில் வாவியின்மையும்! கண்ணாற் கண்டதை விடுத்து நாட்காட்டியிற் கண்டதை வரையும் இவ்வழக்கம் நீங்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். நிலக்காட்சி ஓவியன் ஒருவன் தன் படைப்புகளைப் பலர் காணும் காட்சிக்கு எவ்வாறு ஆயத்தஞ் செய்கின்றான் என்பதைப் படிப்படியாக ஆராய்வோமாயின், பார்த்தல் என்னும் பயிற்சியின் அருமை தானே விளங்கும்.

நிலமும் பொழுதும்

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மரம், புள், விலங்கு, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். இது செய்யுளுக்கு வகுத்த இலக்கணமாயினும் நிலக்காட்சி ஓவியத்துக்கும் முற்றும் பொருந்துவது. நம் மாணவர் வரையும் படங்களில் நிலம் உண்டு, கருப்பொருளும் உண்டு, பொழுது மட்டும் இல்லை. நிழல் எப்பக்கம் விழுகின்றது, ஒளி எங்கிருந்து வருகின்றது என்று வினவினால் விடையில்லை. பொழுதில்லாத நிலம் முதற்பொருளிற் பாதியை இழந்த நிலமாகும்.

நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. ஞாயிறு சாயும் பொழுது என்று இதற்குப் பொருள் கொள்வாரும், எழும் பொழுது என்று கொள்வாரும் உளர். உரையாசிரியரின் வழக்கை அவர்க்கே விடுவோம். நாவற்குடா ஓவியனுக்கு இரண்டும் நெய்தலே. ஒன்று கடலின்மேல், மற்றொன்று வாவியின்மேல்.

கொன்ஸ்டபிள் காட்டிய வழி

பொழுதே ஓவியத்தின் உயிர் என்பதை மேனாட்டில் நிலைநாட்டியவருள் ஆங்கிலேயராகிய ஜோன் கொன்ஸ்டபிள் (1776–1837) தலையாயவர். சபக் மாகாணத்தில் ஸ்டவர் ஆற்றங்கரையிலுள்ள ஈஸ்ட் பேர்கோல்ட் என்னும் ஊரிற் பிறந்தவர். தந்தையார் நீராலைகளுக்கு உரிமையாளர். ஆலைத்தொழிலில் வளர்ந்தவன் காற்றையும் நீரையும் பார்த்தறியாதிருத்தல் இயலாது. வாழ்நாள் முழுவதும் அவர் பெரிதும் வரைந்தது அச்சிற்றாறும் அதன் கரைகளுமே.

இன்று ‘வைக்கோல் வண்டி’ என்று உலகம் போற்றும் அவருடைய ஓவியம் 1821ஆம் ஆண்டு இலண்டன் இராயல் அக்கடமிக் காட்சியில் வைக்கப்பட்டது. அங்கே அவர் அதற்கு இட்ட பெயர் யாது? ‘நிலக்காட்சி: நண்பகல்’ என்பதே. வண்டியின் பெயரோ ஊரின் பெயரோ அதில் இல்லை. நிலமும் பொழுதும் மட்டுமே. தொல்காப்பியத்தின் பெயரையும் அறிந்திராத ஒருவர், முதற்பொருள் இரண்டையும் தலைப்பாக்கினார்.

அவ்வோவியத்தை அவர் ஆயத்தஞ் செய்த முறையை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆற்றங்கரையில் முன்னரே வரைந்து வைத்திருந்த சிறு ஆய்வுப் படங்கள் முதற்படி. அவற்றைத் துணைக்கொண்டு, இறுதி ஓவியத்தின் அளவிலேயே ஒரு முழுப் பருமாதிரியைத் தீட்டியது இரண்டாம் படி. ஏறத்தாழ 130 சென்ரிமீற்றர் உயரமும் 185 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட ஓவியத்துக்கு மாதிரியும் அத்துணைப் பெரிது! ஒருவரும் விலைகொடுத்து வாங்காத, காட்சிக்கும் வையாத ஒன்றுக்கு அவ்வளவு உழைப்பு. மூன்றாம் படியிலேயே இறுதி ஓவியம் எழுந்தது. மாதிரியில் முன்புறக் கரையில் நின்ற குதிரையும் அதன்மேலிருந்த உருவமும் இறுதியில் நீக்கப்பட்டன. அவ்விடத்தில் ஒரு மரப்பீப்பாயை வரைந்து பார்த்து அதனையும் மறைத்துவிட்டார். நன்றாக வரைந்ததையும் நீக்கும் துணிவு ஆயத்தத்தின் ஒரு கூறு என்க.

மற்றொரு செய்தி. இலண்டனில் இருந்து தீட்டியமையால், வண்டியின் அமைப்பு அவர் நினைவில் ஐயமற நிற்கவில்லை. ஊரிலிருந்த ஜோன் டன்தோர்ண் என்னும் இளைஞரைக்கொண்டு அறுவடை வண்டி ஒன்றின் கோட்டுப்படங்களை வரைவித்து, தம்பி ஏபிரம் வாயிலாகப் பெற்றார். உழவன் ஒருவன் பார்த்தால் ‘இவ்வண்டி ஓடாது’ என்று சொல்லலாகாது என்பது அவர் கவலை.

1821, 1822ஆம் ஆண்டுகளில் ஹம்ஸ்ரெட் மேட்டிலிருந்து முகில்களை மட்டும் வரைந்து, அப்படங்களின் பின்புறத்தே நாள், மணி, காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்து வைத்தார். இத்தனை செய்தும், ‘நண்பகல்’ இலண்டன் காட்சியில் விலைபோகவில்லை. பின்னர் ஒரு வணிகர் வாங்கிச் சென்று 1824ஆம் ஆண்டுப் பாரிஸ் காட்சியில் வைத்தபோது அது பொற்பதக்கம் பெற்றது. காட்சியின் முதல்நாட் பாராட்டைக் கொண்டு தன் படைப்பை அளப்பவன் ஏமாறுவான் என்பதற்கு இதுவே சான்று.

நம் நாட்டு முயற்சிகள்

இலங்கையில் நிலக்காட்சியைக் கல்லூரிப் பாடமாகக் கற்பிக்கும் முயற்சி பழையது. அயர்லாந்து ஓவியர் அன்ட்ரூ நிக்கொல் 1846இல் கொழும்பு அக்கடமிக்கு ஆசிரியராக வந்து, 1848இல் காடுகளினூடே யாத்திரை செய்து பல படங்கள் வரைந்தார். அவை அந்நியர் கண்டு வியந்த இலங்கை. நம்மவர் தம் கண்ணாற் கண்ட இலங்கை பின்னரே எழுந்தது. யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை அவர்கள் 1938இல் வின்சர் ஓவியக் கழகத்தை நிறுவினார். கொழும்பில் 1943இல் ‘43 குழு’ தோன்றியது. அக்குழுவினராகிய ஐவன் பீரிஸ் (1921–1988) இங்கிலாந்திற் குடியேறிய பின்னும், இளமையிற் பழகிய தெஹிவளைக் கடற்கரை அவர் ஓவியங்களை விட்டு நீங்கவில்லை. இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நம் பிரதேசத்து மாணவர் ஓவியத்தைப் பட்டப்படிப்பாகவே பயில்கின்றனர். ஆதலின் வழியில்லை என்று கூறுவதற்கு இடமில்லை.

வாவிக்கரையிற் செய்யவேண்டுவன

நாவற்குடா வாவிக்கரையில் ஓர் இடத்தைத் தெரிந்து, காலையும் மாலையும் படுவான்கரையை நோக்கி வரைக. காலையில் ஒளி நம் முதுகுப்புறமிருந்து செல்வதால் அக்கரைத் தென்னையும் கண்டற் புதரும் தத்தம் நிறங்களைக் காட்டும். மாலையில் ஒளி எதிரே நிற்றலின் அவையே கரிய வடிவங்களாய் ஒடுங்கும். வானமும் நீரும் மட்டும் ஒளிரும். இடம் ஒன்று; ஓவியம் இரண்டு. ஒவ்வொரு தாளின் பின்புறத்தும் நாள், மணி, காற்று ஆகியவற்றைக் குறித்து வைக்க.

நீரில் விழும் சாயலுக்குச் சில விதிகள் உள. பொருளின் சாயல் பொருளுக்கு நேர் கீழேயே விழும். கரிய பொருளின் சாயல் சற்று வெளிறியும், வெளிய பொருளின் சாயல் சற்று இருண்டும் தோன்றும். சிற்றலை எழும்போது சாயல் நம்மை நோக்கி நீளும். காற்றுக்கும் ஒரு விதி உண்டு. முனையிற் கயிறு கட்டி நிறுத்திய தோணி, நீரோட்டம் வலுவற்ற இடத்திற் காற்றுவரும் திசைக்கே முகங்காட்டி நிற்கும். தென்னோலை ஒருபக்கம் சாய, தோணி அதே பக்கம் முகங்காட்டுமாயின் அப்படத்தைக் கண்ட வலைஞர் நகைப்பர். கொன்ஸ்டபிளுக்கு உழவன் எவ்வாறோ, நமக்கு வலைஞர் அவ்வாறு. முதலிற் படத்தை அவரிடம் காட்டுக.

காலமும் அறியவேண்டும். கச்சான் வீசும் வெப்பநாளில் நீர்வர்ணம் தாளிற் பட்டவுடன் உலர்ந்து விளிம்புகள் கோடாய் நின்றுவிடும். தாளை முன்னரே நனைத்துக்கொள்க. வாடைக்கால மழையிலோ வர்ணம் உலராது, தாளும் பூஞ்சணம் பிடிக்கும். ஆதலின் மாரிக்கு முன்னரே வெளிவேலையை முடித்து, மாரியில் வீட்டிலிருந்து தெரிந்தெடுத்தலையும் பெருப்பித்தலையும் செய்தல் நன்று.

தெரிந்தெடுத்தலும் சுவரில் ஏற்றுதலும்

முப்பது படங்கள் இருப்பின் பன்னிரண்டைத் தெரிக. ஒவ்வொன்றையும் மூன்று மீற்றர் தொலைவில் வைத்தும், தலைகீழாக வைத்தும், கண்ணாடியிற் பார்த்தும் சோதிக்க. பிழை தானே வெளிப்படும். உழைப்பு மிகுந்தது என்ற காரணத்தால் மட்டும் ஒரு படத்தைச் சேர்த்தலாகாது. சிறு படத்தைப் பெரிதாக்குவதற்குச் சதுரக் கட்ட முறை போதும். எனினும் கோட்டைப் பெருப்பிப்பதோடு தூரிகையையும் பெரிதாக்கிக்கொள்ளல் வேண்டும்.

நீர்வர்ண ஓவியம் கண்ணாடிக்குப் பின்னேதான் வைக்கத்தக்கது. ஓவியத்தாள் கண்ணாடியைத் தொடலாகாது. தொடின், நம் கடற்கரை ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். இடையே அமிலமற்ற மட்டைச் சட்டகம் வைக்க. எண்ணெய்வர்ண ஓவியம் நன்கு உலர ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை செல்லும். அதன் பின்னரே இறுதி வார்ணிஷ் பூசுதல் மரபு. மரச்சட்டங்கள் ஒரே நிறத்தினவாயும் ஆடம்பரமற்றனவாயும் இருத்தல் நலம்.

தொங்கவிடும்போது படத்தின் நடுப்பகுதி நிலத்திலிருந்து 145 முதல் 150 சென்ரிமீற்றர் உயரத்தில் அமைக. நம் மண்டபங்களில் இருபுறமும் சாளரங்கள் உளவாதலின் நேர்வெயில் படாத சுவரைத் தேடுக. நீர்வர்ணம் வெயிலில் வெளிறிவிடும். நூதனசாலைகளில் அதற்கு 50 லக்ஸ் அளவு ஒளியே போதும் என வரையறுத்துள்ளனர். ஒவ்வொரு படத்தருகிலும் பெயர், ஆண்டு, சாதனம், அளவு ஆகியவற்றைச் சிறு அட்டையில் எழுதுக. அளவில் உயரம் முன், அகலம் பின்.

அயலிலுள்ள படமும் நம் படத்தை மாற்றும் என்பதை மறத்தலாகாது. 1832ஆம் ஆண்டு இராயல் அக்கடமியில், பல்லாண்டு உழைத்துக் கொன்ஸ்டபிள் முடித்த ‘வாட்டர்லூ பாலத் திறப்பு’ என்னும் நிறம்மிகுந்த ஓவியத்தின் அருகே டேர்னரின் சாம்பல்நிறக் கடற்காட்சி தொங்கியது. காட்சிக்கு முன், ஓவியர்கள் இறுதித் திருத்தஞ் செய்யும் நாளில், டேர்னர் வந்து தம் கடலின்மீது ஒரு சிவந்த பொட்டை வைத்துச் சென்றார். பின்னர் அதனை மிதவையாகத் திருத்தினார். அவ்வொரு பொட்டின்முன் அயலோவியத்தின் செம்மையெல்லாம் மங்கிற்று. ஆதலின் படங்களைச் சுவரில் ஏற்றுமுன் நிலத்தில் வரிசையாகச் சாய்த்துவைத்து, எது எதனை வெல்கின்றது, எது எதற்குத் துணையாகின்றது என்று பார்த்தல் வேண்டும்.

எதற்காக இம்முயற்சி?

1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி நம் தென்னைகளைச் சாய்த்தது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை கல்லடி, நாவற்குடாக் கடற்கரைகளின் வடிவையே மாற்றியது. வீடுகளையும் உயிர்களையும் வாரிச் சென்றது. 1924இல் அமைந்த கல்லடிப் பாலத்தின் அருகே 2013இல் புதுப்பாலம் திறக்கப்பட்டது. நாம் இளமையிற் கண்ட கரை இன்றில்லை. இன்று மாணவர் காணும் கரை நாளை இராது. நிழற்படம் உண்டே எனலாம். நிழற்படம் ஒரு கணத்தைப் பிடிக்கும். பல காலைகளும் பல மாலைகளும் ஒருவன் நின்று பார்த்த பார்வை ஓவியத்தில் மட்டுமே தங்கும். அழிந்த கரையொன்றை அன்புடன் பார்த்தவர் இருந்தனர் என்பதற்கு அதுவே சாட்சி.

யூபிலி ஆண்டு கடந்ததை எண்ணும் ஆண்டு. இந்நாளிற் பழைய மாணவர் கல்லூரிக்கு அளிக்கக்கூடிய நற்கொடைகளுள் ஒன்று, மண்டபச் சுவரொன்றை மாணவர் ஓவியத்துக்கென ஒதுக்கி, ஆண்டுதோறும் ஒரு காட்சியை நடத்துவித்தலாகும். பெருஞ்செலவு வேண்டியதில்லை, மட்டையும் சட்டமும் கண்ணாடியும் போதும். அச்சுவரில் முதலில் ஏறும் படம் மலைகளுக்கிடையே உதிக்கும் ஞாயிறாக இராமல், படுவான்கரைத் தென்னைகளின் பின்னே, வலைஞர் ஒருவர் ‘ஆம், அன்றைய காற்று இதுதான்’ என்று தலையசைக்கும்படி படுகின்ற ஞாயிறாக இருக்குமாயின், நம் சித்திரக் கல்வி கரையேறிற்று என்று மகிழ்வோம்.