முயலின் கருப்பையில் ஊறும் ஒரு புரதம்

முயல் வளர்ப்போரிற் பலர், ஆணுடன் சேர்த்த பெண் முயல் குட்டி ஈனாவிடில், அதனை மலடென்று எண்ணி உடனே விற்றுவிடுகின்றனர். இதனால் நல்ல தாய் முயல்களையும் இழக்க நேரிடுகின்றது. இதன் காரணத்தை அறியக் கருப்பையினுள் நடப்பதைச் சற்று ஆராய்வோம்.

பசு, ஆடு முதலியவற்றைப் போலன்றி, முயலின் சினைமுட்டை சேர்க்கைக்குப் பின்னரே, சுமார் 10 மணி நேரத்தில் வெளிப்படுகின்றது. அது வெளிப்பட்ட இடத்தில் தோன்றும் மஞ்சள் நிறத் திரளிலிருந்து புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பு உண்டாகிறது. அதன் ஏவலால் கருப்பையின் உட்சவ்வு ஒரு சிறு புரதத்தைக் கசியச் செய்கின்றது. கருவானது ஏறக்குறைய 7-ஆம் நாள் வரை சுவரிற் பற்றாமல், இப்புரதம் கலந்த நீரிலேயே மிதந்து வளரும்.

1967-ல் கிருஷ்ணன், டேனியல் என்னும் ஆராய்ச்சியாளர் இதற்குப் பிளாஸ்டோகைனின் என்று பெயரிட்டனர். 1968-ல் பையர் என்பவர் யூட்டிரோகுளோபின் என்றார். பிற்பெயரே பெரிதும் வழங்குகின்றது. தலா 70 அமினோ அமிலங்களாலான இரண்டு சங்கிலிகள் கந்தகப் பிணைப்பால் இணைந்ததே இப்புரதம்.

கவனிக்கத்தக்கது யாதெனில், கரு இல்லாவிடினும் இப்புரதம் ஊறும். மலட்டு ஆணுடன் சேர்ந்தாலும், கூண்டிலுள்ள வேறொரு பெண் முயல் மேலேறினாலும், முட்டை வெளிப்பட்டுப் பொய்ச்சினை உண்டாகலாம். அது 16 முதல் 18 நாட்கள் வரை நிற்கும். அதுகாறும் முயல் சினை கொள்ளாது. முடிவில் தன் ரோமத்தைப் பிடுங்கிக் கூடு கட்டுவதும் உண்டு. இது மலடன்று.

இதே புரதம் சுவாசக் குழாய்களின் நுண்கிளைகளிலும் சுரந்து, அழற்சியைத் தணிக்க உதவுகின்றது. இதைச் சுரக்கும் உயிரணுக்கள் புகையால் கேடுறும். புகை பிடிக்கும் மனிதரின் இரத்தத்தில் இதன் அளவு குறைந்து காணப்படுகின்றது. முயற் கூண்டில் மூத்திரம் தேங்கி எழும் அமோனியா நெடியும் சுவாசக் குழாய்களைப் புண்படுத்தும்.

ஆதலால் வாசகர்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்வார்களாக:

1. சேர்க்கைக்கு முன் 18 நாட்கள் பெண் முயலைத் தனிக் கூண்டில் வைக்க வேண்டும்.

2. ஈனாத முயலை விற்குமுன், அவ்வாறு தனியே வைத்து, குட்டிகள் பிறப்பித்துள்ள வேறொரு ஆணுடன் மறுபடி சேர்த்துப் பார்க்க வேண்டும்.

3. சாணத்தையும் மூத்திரத்தையும் தினந்தோறும் அகற்றி, கூண்டில் நல்ல காற்றோட்டம் இருக்கச் செய்ய வேண்டும்.

இவற்றிற்குப் பணச் செலவு சொற்பமே, பொறுமையே முக்கியம்.