பூஞ்சை: மட்கவைப்பதும் நோயாவதும்

பூஞ்சைகளுக்குப் பச்சையம் இல்லை; ஆதலால் அவை தமக்குரிய உணவைத் தாமே ஆக்க இயலாதவை. நுண்ணிய இழைகளைப் பரப்பி, நொதிகளைச் சுரந்து, கரிமப் பொருளைச் சிதைத்து, கரைந்ததை உறிஞ்சி வாழ்கின்றன. உதிர்ந்த இலையும் கரும்புத் தோகையும் இவ்வாறே மட்கி மண்ணுக்கு உரமாகின்றன.

அதே செயல் உயிருள்ள பயிரில் நிகழும்போது நோயாகிறது. 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பெற்ற கரும்பு இனப்பெருக்க நிறுவனம் ஆய்ந்துவரும் செவ்வழுகல் நோய் ஒரு பூஞ்சையின் விளைவே. தாக்குண்ட கரும்பைப் பிளந்தால், சிவந்த உட்பகுதியில் குறுக்கே வெண்திட்டுகள் தெரியும். புளித்த வாடை வீசும்.

நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் பூஞ்சையும் உண்டு. டிரைக்கோடெர்மா விரிடி பிற பூஞ்சைகளின் இழைகளைச் சுற்றிப் பற்றி, அவற்றின் செல்சுவரைச் சிதைக்கிறது. கொங்குநாட்டு உழவர் அதனைத் தொழுவுரத்துடன் கலந்து நிலத்தில் இடுகின்றனர். எப்பூஞ்சையை வளர்ப்பது, எதனைத் தடுப்பது என அறிவது வேளாண்மைக்கு இன்றியமையாதது.