ஜவ்வாது மலைக்கு எந்த வண்டி?

கைப்பேசியைத் தொட்டதும் ஓலாவோ ஊபரோ வாசலில் வந்து நிற்கும் நகரப் பழக்கத்தில் ஊறியவர்கள், அதே தைரியத்தோடு ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் வரை வந்து, பீமன் நீர்வீழ்ச்சியைக் கண்டு மனம் குளிர்ந்தபின், பொழுது சாயும் வேளையில் டவர் கிடைக்காத கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி சாலையோரத்தில் தவித்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன். நகர வெளிச்சம் எட்டாத இருளை நாடியே விஞ்ஞானி வைணு பாப்பு இம்மலையின் காவலூரை வானாராய்ச்சிக்குத் தேர்ந்தார். 1986 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி. நட்சத்திரங்களுக்கு அனுகூலமான அந்த இருளில் வாடகை வண்டி தேடினாலும் அகப்படாது. ஆகவே, இறங்கும் வழியை நிச்சயித்துக்கொண்ட பிறகே மலையேற வேண்டும்.

தனியாகவோ இருவராகவோ வருபவர்க்கு அரசுப் பேருந்தையே சொல்வேன். தினமும் அதே வளைவுகளில் ஓட்டிப் பழகிய கைகளை நம்பி உட்காரலாம். இறங்கும்போதே கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். சாமை மூட்டையோடும் புளிக்கூடையோடும் ஏறும் மலைவாசிகளுக்கு அது அன்றாட வாகனமாதலால், அவர்களுக்கு ஒதுங்கி இடம் கொடுப்பதே விருந்தினராக வந்தவர்க்கு அழகு.

குழந்தைகளும் முதியோரும் உடன் வந்தால், போளூரிலோ திருப்பத்தூரிலோ மலைச்சாலை பழகிய டிரைவரோடு நாள் வாடகைக்குக் கார் பேசுவதே என் அபிப்பிராயத்தில் உத்தமம். செயலியில் வெளியூர்ப் பிரயாணம் பதிந்தால் கட்டணம் முன்கூட்டித் தெரியும் என்பது மெய்தான். ஆனால் வரும் டிரைவர் கொண்டை ஊசி வளைவே கண்டிராதவராக இருக்கக்கூடும். எதுவாயினும் கிலோமீட்டர் வாடகை, பேட்டா, வெயிட்டிங், போகவேண்டிய இடங்கள் ஆகியவற்றைப் புறப்படுமுன் பேசி முடித்துவிடுங்கள். மஞ்சள் போர்டு இல்லாத சொந்த வண்டியை வாடகைக்கு எடுத்தால், விபத்து நேர்கையில் இன்ஷூரன்ஸ் கிடைப்பதில் சிக்கல் வரும்.

சரக்கு வேனில் மட்டும், எவ்வளவு வற்புறுத்தினாலும், ஏறாதீர்கள். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் பக்கத்து மலைப்பாதையில் கோயிலுக்குச் சென்றவர்களை ஏற்றிய அத்தகைய வேன் பள்ளத்தில் உருண்டு பதினொருவர் மாண்டதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதைக்கிறது.

வண்டியில் ஏறியதும், பின் இருக்கையிலும் பெல்ட் போடுங்கள். வளைவுக்கு முன் ஹாரன் அடித்து, எதிரே ஏறிவரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்கும் டிரைவரை அவசரப்படுத்தாதீர்கள். ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்பது சட்டம். இறக்கத்தில் அவர் கியரைக் குறைத்து, எஞ்சின் முனக மெல்ல இறங்குவது பிரேக் சூடேறாமல் காப்பதற்காகத்தான். கருகிய வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடச் சொல்லுங்கள். தலைசுற்றுபவரை முன் இருக்கையில் அமர்த்தி, கையில் எலுமிச்சம்பழம் கொடுங்கள். தனியே வரும் பெண்கள், டவர் இருக்கும்போதே வண்டி எண்ணையும் டிரைவர் பெயரையும் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்; அவசரத்துக்கு 112-ஐ அழைக்கலாம்.

நீங்கள் சாப்பிட அமரும்போது டிரைவரையும் சாப்பிட அழையுங்கள், சற்றுக் கண்ணயர விடுங்கள். மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டால், வெளிச்சம் இருக்கும்போதே அடிவாரம் வந்துவிடலாம்.