பட்டறைக் கம்ப்யூட்டரில் பழைய பைத்தான்

அம்பத்தூர் எஸ்டேட்டின் சின்னப் பட்டறைகளில், சோதனை எந்திரத்தோடு இணைந்த கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் 7-இல் ஓடினால் வியக்க ஒன்றுமில்லை. எந்திரத்தின் டிரைவர் அதற்கு மேல் ஏறாது. அதோடு பேசும் நிரல் பைத்தான் 2.7-இல் இருக்கும். அந்தப் பைத்தானுக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது. ஆனால் ஓடுகிற எந்திரத்தை மாற்ற எந்த முதலாளி சம்மதிப்பார்? புதிதாக ஒரு லைப்ரரி சேர்க்கும் அன்றுதான் தலைவலி.

எதிலும் கை வைக்குமுன், லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப்பின் ‘பிப் ஃப்ரீஸ்’ கட்டளை தரும் பட்டியலைக் கோப்பாகச் சேமிக்க வேண்டும். ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப அதுதான் வழி.

அடுத்தது பிப்பின் பதிப்பு. 9.0-க்கு முந்தைய பிப், லைப்ரரி எந்தப் பைத்தானுக்கானது என்று பார்க்காமலே புதியதை இறக்கிவிடும். 2.7-க்கான கடைசி பிப் 20.3.4, அதை ஏற்றவும். பிறகு விர்ச்சுவல்என்வ் மூலம் தனிச் சூழல் ஒன்று அமைக்கவும். விர்ச்சுவல்என்வ் 20.22 முதல் வந்த பதிப்புகள் 2.7-க்குச் சூழல் உருவாக்குவதில்லை, அதனால் அதற்கும் பழையது வேண்டும். நம்பை 1.16.6, செட்டப்டூல்ஸ் 44.1.1 என்று எண்ணைக் குறித்தே நிறுவவும்.

பலரைத் திணறடிப்பது ‘ஈனம்34’. பைத்தான் 3.4-இல் வந்த ஒரு வசதியை 2.7-க்கும் தர எழுதப்பட்ட பொதி அது. பழைய பொதிகள் இருக்கும் ஃபோல்டரை யாரோ எப்போதோ ‘பைத்தான்பாத்’தில் எழுதி வைத்திருப்பார். அதே கம்ப்யூட்டரில் பைத்தான் 3.8 போட்டால், அது தன் சொந்த ‘ஈனம்’ இருக்க, அந்த ஃபோல்டரில் உள்ளதை முதலில் எடுத்துக்கொள்ளும். ‘இன்ட்ஃபிளாக் இல்லை’ என்று பிழை வரும். புதிய பைத்தானே பழுது என நினைத்து அழித்து அழித்துப் போடுவார்கள், பயன் இருக்காது. விண்டோஸ் அமைப்பில் ‘பைத்தான்பாத்’ வரியை நீக்கினால் தீர்ந்தது. பழைய நிரலுக்கு அந்த ஃபோல்டர் தேவையென்றால், அதை இயக்கும் பேட்ச் கோப்புக்குள் மட்டும் வரியை எழுதலாம். இரண்டு பைத்தானுக்கும் பொதுவான தேவைப் பட்டியல் என்றால், ‘3.4-க்குக் கீழ் மட்டும்’ என்ற நிபந்தனையை ஈனம்34 பக்கத்திலேயே சேர்க்க வேண்டும்.

நிறுவி முடித்ததும் ‘பிப் செக்’ ஓட்டி, பொதிகளுக்குள் மோதல் உண்டா என்று பார்க்கவும். பிப் 20.3-இல் வந்த புதிய முரண்பாடு தீர்க்கும் முறை பைத்தான் 3-க்குத்தான் இயல்பாக இயங்கும், 2.7-இல் பழைய முறையே, மோதலைத் தடுக்காமல் விட்டுவிடும்.

பட்டறைக் கம்ப்யூட்டரில் இணையம் இல்லையா? வேறொரு கம்ப்யூட்டரில் அதே 2.7, அதே 32 அல்லது 64 பிட் போட்டு, ‘பிப் டவுன்லோட்’ செய்து பென்டிரைவில் கொண்டு வரலாம். இறக்கிய கோப்புகளுக்கு இன்னொரு நகலும் இருக்கட்டும்.