நோன்பு நேரத்தில் கணையம்

ரமளான் நெருங்கினால் நம் வீட்டுச் சர்க்கரை நோயாளிகள் கேட்பது இதுதான்: "காலை மாத்திரையை சஹரிலேயே போட்டுக்கொள்ளலாமா?" பதில் கணையத்துக்குள் இருக்கிறது.

கணையத்தின் பெரும்பகுதி செரிமான நீரைச் சுரக்கிறது. அதற்குள் சிறு திட்டுகளாக வேறு வகை செல்கள் இருப்பதை 1869இல் ஜெர்மன் மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் கண்டறிந்தார். சுமார் 10 லட்சம் திட்டுகள் இருந்தும், கணையத்தின் எடையில் அவை 1 அல்லது 2 சதவீதமே.

திட்டிலுள்ள பீட்டா செல்கள் இன்சுலினையும், ஆல்ஃபா செல்கள் குளுக்ககானையும் சுரக்கின்றன. நாம் பேரீச்சம்பழம் தின்று கஞ்சி குடித்ததும் ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுகிறது. அது பீட்டா செல்லுக்குள் எரிந்து சக்தியாகிறது. அந்தச் சக்தி செல்லின் சுவரிலுள்ள பொட்டாசியம் வாசலை அடைக்க, கால்சியம் வாசல் திறந்து இன்சுலின் வெளியேறுகிறது. சர்க்கரை குறைந்ததும் பொட்டாசியம் வாசல் மறுபடி திறந்து, சுரப்பு அடங்கிவிடும். பட்டினி நீளும்போது ஆல்ஃபா செல்களின் முறை வருகிறது. குளுக்ககான் சொன்னபடி கல்லீரல் தன் சேமிப்புச் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. ஆரோக்கியமானவர் அஸர் வேளையிலும் தாக்குப்பிடிப்பது இப்படித்தான்.

இரண்டாம் வகை சர்க்கரை நோயில் இன்சுலின் தாமதமாக, போதாமல் வருகிறது. சாப்பிட்டதும் அடங்க வேண்டிய குளுக்ககானும் அடங்குவதில்லை. வடை, சமோசா, சர்பத் எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

மாத்திரைக்கு வருவோம். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவை அந்தப் பொட்டாசியம் வாசலை நேரே அடைத்துவிடும். ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. வயிறு காலியாக இருந்தாலும் இன்சுலின் சுரந்துகொண்டே இருக்கும். வியர்வை, கை நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் வந்தால் "நோன்புக் களைப்பு" என்று படுக்க வைத்துவிடுகிறோம். உயிருக்கே ஆபத்து அதில்தான். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுவோருக்கு இந்தப் பயம் குறைவு.

முதல் வகை நோயில் பீட்டா செல்களே அழிந்துபோகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல, சர்க்கரை தாழும்போது குளுக்ககான் கைகொடுப்பதும் நின்றுவிடுகிறது. இவர்கள் நோன்பு வைப்பது இன்னும் அபாயம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது (2:184).

ஆகவே சஹருக்கு மாத்திரையை நாமாக மாற்றக் கூடாது. ஷஅபானிலேயே மருத்துவரைப் பார்த்தால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மாத்திரை தருவார். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. 70க்குக் கீழே போனால், மஃரிபுக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் உடனே நோன்பை விட்டு இனிப்புக் கொடுங்கள். மாத்திரையின் பெயர் தெரியாவிட்டால் அட்டையையே மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.