ஒரே சுவரில் இரண்டு ஓவியம்

போன மாதம் சுற்றுலாவில் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போனோம் இல்லையா? நந்திகிட்ட போட்டோ எடுக்க எல்லாரும் ஓடிட்டீங்க. நான் சமூக அறிவியல் டீச்சரோடு கோயிலுக்குள்ளேயே இருக்கிற தொல்லியல் துறைக் காட்சிக்கூடத்துக்குப் போனேன். அங்கே பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

ராஜராஜ சோழன் 1010-ல் கட்டி முடித்த கோயில் இது. கருவறையைச் சுற்றி இருட்டாக ஒரு நடைவழி உண்டு. (நம்மை உள்ளே விடமாட்டாங்க, படத்தில்தான் பார்க்கலாம்.) அந்தச் சுவரில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டணும். தப்பு வந்தால் ரப்பர் போட்டு அழிக்க முடியாது! சுந்தரர் வெள்ளை யானையில் கைலாயம் போகிறார், சேரமான் பெருமாள் குதிரையில் போகிறார். ஆடும் பெண்களின் உடம்பு வளைவதைப் பார்த்தால் இன்னும் ஆடி முடிக்காத மாதிரியே இருக்கு.

சுமார் அறுநூறு வருஷம் கழித்து, நாயக்கர் காலத்தில், அதன் மேலேயே புதிதாகப் பூசி வேறு ஓவியம் வரைந்துவிட்டார்கள். இதில் ஆட்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் பார்த்தபடி வரிசையாக நிற்கிறார்கள். துணியின் பூவேலை, நகை எல்லாம் நுணுக்கம்.

பழசை மூடிட்டாங்களே என்று எனக்குக் கோபம். "அவங்க காலத்துக்கு இதுதானேம்மா அழகு" என்றார் டீச்சர்.

1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி என்ற பேராசிரியர்தான் அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டுபிடித்தார். ஆனால் அதைப் பார்க்கணும்னா நாயக்கர் ஓவியத்தை உரிக்கணுமே! பிற்பாடு தொல்லியல் துறையினர் மேல் ஓவியத்தில் சில பகுதிகளைச் சிதையாமல் பிரித்தெடுத்து, கண்ணாடி இழைப் பலகையில் ஒட்டிக் காப்பாற்றினார்கள். இரண்டுமே பிழைத்தது.

இப்போ இந்தத் தாள் ஒட்டியிருக்கிற சுவரைப் பாருங்க. சோட்டா பீம் கால்கிட்ட பெயிண்ட் உரிந்த இடத்தில் ஒரு மயில்தோகை தெரியுது. அம்மாவும் இங்கே படிச்சவங்கதான். "முழு மயிலும் இருந்துச்சுடி, புள்ளிக்கோலம் மாதிரியே இருக்கும்" என்றார்கள். பொங்கல் லீவில் வெள்ளையடிக்கப் போறாங்களாம். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு பீம் வேணும், எனக்கு மயில் வேணும். நம்மகிட்ட கண்ணாடி இழைப் பலகை எல்லாம் இல்லை. அதனால் தெரிகிற வரைக்கும் தோகையை டிராயிங் நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். பீமையும்தான். மயிலோட தலை எந்தப் பக்கம் பார்த்திருக்கும்னு தெரியலை. யார் வீட்டிலாவது பழைய ஸ்கூல் போட்டோவில் அது விழுந்திருந்தால், வெள்ளிக்கிழமைக்குள் கொண்டு வாங்க.